கரை ஏறாமல் எடுத்த கணக்கு

லோசாவை அடக்கம் செய்த பிறகு பல நாட்கள் வீட்டில் ஆள் குறையவில்லை. பாயில் உட்கார்ந்தவர்கள் அவளுடைய குரலைப் பற்றிப் பேசினார்கள். கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டே அவள் யாரையாவது திட்டினால் தேவாலயம் வரை கேட்கும் என்றார்கள். அவள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு இளைத்துவிட்டது என்றார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு ஊர்க் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூச்சமான விஷயம். எனக்கோ, என் மனைவி என்றால் அந்த வாரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அது மழை பொய்த்த வருடம். பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கிற எங்கள் துவாலு நாடு முழுவதும் காய்ந்தது. எங்கள் தீவில் வீட்டுத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டு, பெரிய கூடத்தின் அடியில் இருந்த பொதுத் தொட்டி மட்டும் மிஞ்சியது. பெரியவர்கள் அதற்குப் பூட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு நாளுக்கு ஒரு வாளி. சாவி அபினேலு மாமாவிடம் இருந்தது. அவர் லோசாவின் தாய்மாமன். நேர்மையான மனிதர், அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

லோசாவின் அண்ணன் பெட்டாயா ஒரு விடியற்காலையில் இரண்டாவது வாளி எடுத்துவிட்டான். அவனுடைய மகளுக்குக் காய்ச்சல், உடம்பு அனலாய்க் கொதித்தது. கேட்டிருந்தால் மாமா கொடுத்திருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவன் கேட்கவில்லை. கூடத்தில் நிறுத்தி விசாரித்தபோது, எல்லார் முன்னாலும், "நீங்க குளிச்சு ஊத்துற தண்ணி என் பொண்ணுக்குக் குடிக்கக் கிடைச்சாப் போதும் மாமா" என்றான்.

தண்ணீரை மன்னித்திருப்பார்கள். அந்த வார்த்தையை மன்னிக்க முடியவில்லை. ஒரு பன்றியும் கிழங்கும் கொண்டுவந்து வைத்து, தலை குனிந்து உட்கார்ந்தால் போதும் என்றார்கள். பெட்டாயா வரவில்லை. பிறகு கூடம் அவன் வீட்டைத் தள்ளிவைத்தது. அவர்களோடு யாரும் பேசக்கூடாது, அவர்கள் மண்ணில் கால் வைக்கக்கூடாது, ஒரு கவளம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. மீறினால் மீறியவருக்கும் அதே கதி. பெட்டாயா மனைவி லங்கியையும் இரண்டு பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு காயலுக்கு அக்கரையில் இருந்த தன் பூர்வீக மண்ணுக்குப் போய்விட்டான். அங்கே ஓலைக் குடிசை ஒன்று, உப்புக் கரிக்கிற கிணறு ஒன்று. வேறெதுவும் இல்லை.

லோசாவும் அவனும் அதற்கு முன்பும் பேசிக்கொண்டவர்கள் அல்ல. எங்களில் அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்தபின் நேருக்கு நேர் பேசுவதில்லை, ஒரே பாயில் உட்காருவதில்லை. அது மரியாதை. அவனுக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் லோசா என்னிடம் சொல்வாள். அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். அவனும் என்னைப் பார்த்தே பதில் சொல்வான். இப்போது எனக்கும் தடை. இரவில் அக்கரையில் சின்னதாகத் தெரிகிற நெருப்பைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நேரத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. எங்கள் தீவுக்கு லோசாவை நியமித்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும், நாய்க்குப் பயப்பட மாட்டாள், கடையில் இருப்பதால் எல்லா வீட்டையும் தெரியும். பள்ளி வாத்தியாரான எனக்கு அப்போது விடுமுறை; காகிதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி கூடத்தில் பெரியவர்கள் முன்னிலையில் எங்கள் இருவரையும் பைபிள்மேல் கைவைக்கச் சொன்னார். எந்த வீட்டில் கேட்டதையும் யாரிடமும் சொல்வதில்லை என்பது சத்தியம். பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார்: கணக்கில் வருகிற வீடுகளில் நல்ல தண்ணீர் இல்லாத வீடுகளுக்கெல்லாம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வரும், கூரைத் தகரமும் வரும். இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள்.

கூடத்தில் கைதட்டினார்கள். லோசா கைதட்டவில்லை. தீவுத் தலைவர் தெஃபோட்டோ வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தார். அக்கரை வீட்டின் பெயர் அதில் வரவில்லை.

இக்கரை வீடுகளை எண்ணி முடிப்பதே பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் தூங்கியவர்களை மட்டும்தான் எழுதவேண்டும். கப்பலில் வேலைக்குப் போன மகனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அழுத தாய்மார்கள் இருந்தார்கள். பன்றிதான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். கூடத்தில் விருந்து என்றால் யார் எத்தனை பன்றி தருவது என்பது அவரவர் வைத்திருக்கிற பன்றியைப் பொறுத்தது. அதனால் எங்கள் தீவில் பாதிப் பன்றிகள் புதருக்குள்தான் வளரும். அபினேலு மாமாவும் அவருடைய பன்றிகளும் இப்போது இல்லாததால் இதைச் சொல்கிறேன்.

"மாமா, பன்னி எத்தனை?"

"ரெண்டு."

வீட்டுக்குப் பின்னால் பெரிய உறுமல் கேட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னும் நாலைந்து உறுமல்கள்.

"ரெண்டுன்னு எழுதட்டுமா?"

"நீ உன் காதை வெச்சு எழுதுறியா, நான் சொல்றதை வெச்சு எழுதுறியா?"

"நீங்க சொல்றதை வெச்சுத்தான் மாமா. ஆனா இது கூடத்துக்குப் போகாது. நேரா தலைநகருக்குப் போகுது."

மாமா தாடையைச் சொறிந்தார். "நிஜமா போகாதா?"

"பைபிள்மேல கை வெச்சப்ப நீங்கதானே பக்கத்துல நின்னீங்க."

"அப்படின்னா ஒம்பதுன்னு போடு."

இதேபோல் எல்லா வீட்டிலும். லோசாவின் சத்தியத்தை நம்பித்தான் அந்தத் தீவு உண்மை சொன்னது.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் அவள் காகிதங்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தாள். நிரப்பாத ஒரு தாளை மட்டும் எடுத்து எழுதும் பலகையில் செருகினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"லோசா, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நாலு பேருதானே? எனக்கே தெரியும். பேர், வயசு எல்லாம் நான் சொல்றேன், எழுதிக்கோ. ஓலைக் கூரை, உப்புக் கிணறு. அங்க போகவே வேண்டாம்."

"போன ஞாயித்துக்கிழமை ராத்திரி அங்க யாரு தூங்கினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா வாத்தியாரே?"

"வேற யாரு தூங்குவா? நண்டா?"

"பார்க்காம எழுதுறதுக்கா சத்தியம் பண்ணேன்?"

"தலைவர் அந்தப் பேரை வாசிக்கலை. ஏன் வாசிக்கலைன்னு உனக்கும் தெரியும். நம்மளையும் தள்ளிவெச்சா எங்க போவோம்? நான் வேற தீவுக்காரன். எனக்கு இங்க ஒரு முழம் மண் இல்ல. இந்த வீடு பள்ளிக்கூடத்து வீடு."

அவள் அடுப்பில் இருந்த மீனைத் திருப்பிப் போட்டாள்.

"கடையில அரிசி வாங்க வர்றவங்க சொல்றாங்க, அந்தப் பொண்ணுக்கு வயித்துப்போக்கு நிக்கலையாம். படகுல தூரத்துல போனவங்க பார்த்தாங்களாம், எலும்பும் தோலுமா இருக்காளாம். கிணத்துத் தண்ணி. நான் இந்தத் தாளை வெறுமையா அனுப்பினா அந்த வீட்டுக்குத் தொட்டி வராது. அடுத்த கணக்கு வர்றப்ப அவ இருப்பாளா?"

நான் அக்கரைப் பக்கம் பார்த்தேன்.

"கால் வைக்கக்கூடாது. பேசக்கூடாது. அவ்வளவுதானே சொன்னாங்க?" என்றாள். "துடுப்பை எடுங்க."

நீர் ஏறிய நேரத்தில் காயலைக் கடந்தோம். காற்று இல்லை, வெயில் கண்ணைக் குத்தியது. நடுவில் ஒரு படகு. அபினேலு மாமா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். கையசைக்கவில்லை. நான் துடுப்பை நிறுத்தினேன்.

"போங்க. நின்னாத்தான் திருட்டுத்தனம்" என்றாள் லோசா.

அக்கரையில் இடுப்பளவு ஆழத்தில் கல்லைப் போட்டு நிறுத்தினோம். கரையில் பெட்டாயா வலை பின்னிக்கொண்டிருந்தான். லங்கி குடிசைக்குள் இருந்தாள். எங்களைக் கண்டதும் அவன் எழுந்தான், பிறகு என்ன நினைத்தானோ மறுபடி உட்கார்ந்துகொண்டான். மெலிந்திருந்தான். எனக்கு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்தேன்.

லோசா கரைக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். கடையில் பேசுகிற குரலை எடுத்தாள்.

"வாத்தியாரே! போன ஞாயித்துக்கிழமை ராத்திரி இந்த வீட்ல யாரு யாரு தூங்கினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களை யாரு பதில் சொல்லச் சொன்னா? நான் உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன். பேசாம கேளுங்க."

கரையில் அசைவில்லை. வலைமேல் அவன் கை நின்றுபோயிருந்தது. தண்ணீர் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும். அவனுக்குப் புரியாமல் போய்விடுமோ, புரிந்தும் வீம்புக்குப் பேசாமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன். பெட்டாயாவின் வீம்பு தீவுக்கே தெரியும்.

பிறகு அவன் குடிசைப் பக்கம் திரும்பி, அவனும் குரலை உயர்த்தி, "லங்கி, போன ஞாயித்துக்கிழமை ராத்திரி நாம எல்லாரும் இங்கதானே தூங்கினோம்? நான், நீ, பெரியவ, சின்னவன்" என்றான்.

லோசா எழுதினாள்.

"வாத்தியாரே, குடிக்கிற தண்ணி எங்கேர்ந்துன்னு கேக்கணுமாம்."

"லங்கி, இந்தக் கிணத்துத் தண்ணி நாக்குல வைக்க முடியலைடி. பெரியவளுக்கு இன்னிக்கும் வயித்துல ஒண்ணும் நிக்கலை."

"கூரை என்னன்னு கேக்கணும்."

"லங்கி, அடுத்த மழைக்கு இந்த ஓலை தாங்காது."

கூரையைக் கேட்டு அவள் எழுதி முடிப்பதற்குள் குடிசைக்குள்ளிருந்து ஒரு அழுகை. பெரிய பிள்ளைகள் அழுவது மாதிரி இல்லை. பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தையின் அழுகை.

லோசா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். லங்கி கர்ப்பமாக இருந்ததே இக்கரையில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மருத்துவத்தாதி போயிருப்பாள், கூடம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். எப்படிப் பெற்றாள், யார் பிரசவம் பார்த்தது என்று கேட்க எந்தத் தாளிலும் இடம் இல்லை.

லோசா திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், திரும்ப முடியாது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வாத்தியாரே" என்றாள். குரல் உடைந்தது. இன்னொரு முறை சரியாகச் சொன்னாள். "வாத்தியாரே, ஆணா பொண்ணான்னு கேக்கணும்."

"லங்கி, உன் பொண்ணு அழுவறா, பாரு."

"பேரு?"

பெட்டாயா வலையை ஒதுக்கி வைத்தான். எங்களில் குழந்தைக்குப் பெயர் அப்பாவின் உடன்பிறந்தவளைக் கேட்டுத்தான் வைப்பார்கள்.

"லங்கி," என்றான் பெட்டாயா கடைசியில், "அவளுக்கு இன்னும் பேரு வைக்கலை, அதான் எண்ணிச் சொல்லலை. வைக்கவேண்டியவங்க இங்க இல்லை."

லோசா பெயருக்கான இடத்தில் 'பெண் குழந்தை' என்று எழுதினாள். ஐந்து பேர். கல்லைத் தூக்கச் சொன்னாள். பாதி வழியில் அபினேலு மாமாவின் படகு அதே இடத்தில் இருந்தது. தூண்டிலைச் சுருட்டிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கப்பல் வந்து பவளத்திட்டுக்கு வெளியே நின்றது. அங்கே நங்கூரம் போட முடியாது. பாறையில் மோதாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், சரக்கு ஏற்றியதும் கிளம்பிவிடும். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிற வழியில் கூடத்து மணி அடித்தது. லோசாவை வரச்சொன்னார்கள்.

பெரியவர்கள் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரத்தில். லோசா நடுவில் நின்றாள், பெட்டி அவள் காலடியில். பெட்டியை இன்னும் பூட்டவில்லை. அதிகாரி முன்னிலையில், படகுத்துறையில்தான் பூட்டவேண்டும்.

தெஃபோட்டோ மெதுவாகப் பேசுகிற மனிதர். "லோசா, கப்பல் நிக்காது. சீக்கிரம் முடிச்சுக்கலாம். அக்கரை வீட்டுத் தாள் அந்தப் பெட்டியில இருந்தா எடுத்து வெளியில வெச்சிடு. கூடம் தள்ளிவெச்ச வீடு தீவுக் கணக்குல வராது."

"பெட்டியில என்ன இருக்குன்னு நான் சொல்லக்கூடாதுங்க ஐயா. எண்ணுறது கூடம் இல்லை, அரசாங்கம்."

"அரசாங்கத்துக்கு வாய் இருக்கா?" அபினேலு மாமா எழுந்துவிட்டார். "வாய் உன்னுது. அந்த வாய் நேத்து அங்க பேசிச்சு. தூண்டில் போட்டுக்கிட்டு நானே கேட்டேன்; வார்த்தை புரியலை, குரல் கேட்டுச்சு. தண்ணிமேல சத்தம் எவ்வளவு தூரம் வரும்னு உனக்குத் தெரியாதா? பேசினவங்களுக்கும் அதே தண்டனைன்னு இதே கூடத்துலதான் சொன்னோம். என் தங்கச்சி பொண்ணுங்கிறதுக்காக நான் வாயை மூடிக்க முடியாது."

"பேசினேன் மாமா" என்றாள் லோசா.

கூடம் சலசலத்தது.

"கேட்டீங்களா! அவளே ஒத்துக்கிட்டா."

"யார்கூடப் பேசினேன்னு சொல்லுங்க மாமா. காதால கேட்டிருக்கீங்களே."

"அவன்..."

மாமா நிறுத்திக்கொண்டார். தன் தங்கையின் மகள், தன் தங்கையின் மகனோடு, ஊர் கேட்கக் கத்திப் பேசினாள் என்று சொல்லவேண்டும். கள் குடித்தவன்கூட எங்கள் தீவில் அப்படி ஒரு வார்த்தையை இன்னொருத்தன் வீட்டைப் பற்றிச் சொல்லமாட்டான். இவர் சொல்லவேண்டியது தன் சொந்த வீட்டைப் பற்றி, தன் செத்துப்போன தங்கையைப் பற்றி.

"அவன் பொண்டாட்டிகூட" என்றார்.

"லங்கி குரல் உங்க காதுல விழுந்துச்சா?"

பொய் சொல்லத் தெரியாதவர். தலையை ஆட்டினார், இல்லை என்று.

பெண்கள் பக்கம் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தெஃபோட்டோ கையை உயர்த்தினார். "இந்தப் பொண்ணு தன் அண்ணன்கூடப் பேசினான்னு யாராவது சொல்றீங்களா? சொல்றவங்க எழுந்து நின்னு சொல்லுங்க."

யாரும் எழவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க படகுல இருந்தீங்களே. யார்கூடப் பேசினா?"

"என்கூடத்தாங்க. நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கும் திட்டு வாங்கினேன்."

இப்போது ஆண்களும் சிரித்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாமா சிரிக்கவில்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"சரி, யாரும் பேசலை," என்றார். "பேசாம அந்தத் தாள் எப்படி நிரம்பிச்சு? யாரும் சொல்லாம நீயா எழுதினியா? அப்படின்னா அது பொய்த்தாள். எடுத்துக் கிழிச்சுப் போடு. நிஜத்தாள்னா யாரோ பேசியிருக்காங்க. ரெண்டுல எது?"

சிரிப்பு அடங்கியது. கடல் பக்கம் கப்பல் ஊதியது. படகுத்துறையிலிருந்து யாரோ கூவி அழைத்தார்கள். லோசா காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். ஒரு பெரியவர் பெட்டியை நோக்கிக் கையை நீட்டவே தொடங்கிவிட்டார்.

லோசா பெட்டியின்மேல் கையை வைத்தாள்.

"எந்த வீட்ல என்ன கேட்டேன், என்ன சொன்னாங்க, எப்படிச் சொன்னாங்க, ஒண்ணையும் வெளிய விடமாட்டேன்னு இதே கூடத்துல பைபிள்மேல கை வெச்சேன். நீங்க எல்லாரும் பார்த்தீங்க. இந்த ஒரு தாள் எப்படி நிரம்பிச்சுன்னு இங்க சொன்னா சத்தியம் உடைஞ்சுடும். உடைஞ்சா ஒரு வீட்டோட நிக்காது மாமா. எல்லா வீட்டுத் தாளும் இந்தப் பெட்டியிலதான் இருக்கு."

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. தீவே அறிந்த அந்தக் குரல் அன்றைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. தூண்களில் சாய்ந்திருந்த முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஒருவர் இருமினார். கையை நீட்டிய பெரியவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். அபினேலு மாமா லோசாவை நெடுநேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் மிரட்டினாளா, உள்ளதைத்தான் சொன்னாளா என்று நான் கடைசிவரை அவளிடம் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக் கூடம் அவள் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது மட்டும் எனக்கு அப்போதே தெரிந்தது. அவளுக்கும் தெரியும். சொல்லவில்லை.

தெஃபோட்டோ பெருமூச்சு விட்டார். "பெட்டியைக் கொண்டுபோ. அக்கரைப் பக்கம் படகு விட்டதுக்கு உன் வீட்லேர்ந்து கூடத்துக்கு ஒரு பன்னி."

"சரிங்க ஐயா."

"உன்கிட்ட எத்தனை இருக்கு?"

"ரெண்டுங்க. புதர்ல போய்ப் பார்த்தாலும் ரெண்டுதான்."

நாங்கள் துறைக்கு ஓடினோம். படகு கிளம்பும் நிலையில் இருந்தது. அதிகாரி பெட்டியைப் பூட்டி, மெழுகு வைத்து, தண்ணீர் படாமல் தார்ப்பாயில் சுற்றினார். கப்பல் வளைந்து திரும்பி மறையும்வரை லோசா மணலில் உட்கார்ந்திருந்தாள்.

தொட்டிகள் அடுத்த சில மாதங்களில் வந்தன. எங்கள் துறைக்குப் பெரிய சரக்கு வராது. கப்பலிலிருந்து தொட்டிகளைக் கடலில் தள்ளிவிட்டு, மிதக்கவிட்டே பவளத்திட்டில் வெட்டிய கால்வாய் வழியாக இழுத்து வருவார்கள். கறுப்பாகப் பெரிய பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் வீட்டு எண். பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறிக் குதித்தார்கள். ஒவ்வொன்றும் வந்து சேரச் சேர வீட்டுக்காரர்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு தொட்டி மட்டும், தகரக் கட்டு உள்ளே கட்டிவைத்தபடி, துறையோரம் மிதந்துகொண்டு நின்றது. எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரிந்தது. கொடுக்கக்கூடாது என்று கூடம் சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடவும் யாருக்கும் துணிவில்லை.

நீர் இறங்கத் தொடங்கியது. இறங்கிவிட்டால் தொட்டி பவளக்கல்லில் உட்காரும், அலை அடிக்க அடிக்க அடி கிழிந்துவிடும். லோசா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தொட்டியைக் கல்லிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள். நானும் இறங்கினேன். அது எங்கள் கைக்கு அடங்கவில்லை. ஒவ்வொரு அலைக்கும் எங்களைத் தள்ளியது.

அப்போது பெட்டாயா வந்தான். பிள்ளைகளை விட்டுவர ஆளில்லாததால் குடும்பம் முழுவதும் படகில் இருந்தது. பெரியவள் முன்னால், கழுத்தெலும்பு தெரிய. லங்கியின் மடியில் குழந்தை.

கரையில் ஒருத்தி, "அது யாரோட குழந்தை?" என்று கேட்டுவிட்டு, அவளே தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள்.

அபினேலு மாமா நீர்விளிம்பு வரை நடந்து வந்தார். லோசாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

லோசா தொட்டியை விடாமல் நின்றாள்.

"அன்னிக்கே தெரியும், இல்ல? சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. பச்சைக் குழந்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லோசா!"

"சொல்லக்கூடாது மாமா."

பெட்டாயா யாரையும் பார்க்காமல் கயிற்றைத் தொட்டியின் வளையத்தில் கோத்து முடிச்சுப் போட்டான். லோசா முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். துறையிலிருந்து காயலுக்கு வெளியேறுகிற இடுக்கு குறுகலானது. அதில் மாமாவின் படகு கட்டியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு தொட்டி போகாது. பெட்டாயா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாய்விட்டுக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. கேட்கிற ஆளும் அவன் இல்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

மாமா வேட்டி நனைய நடந்து போய்த் தன் படகை அவிழ்த்தார். வெயிலில் காயுது, நிழல்ல கட்டணும் என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே அதை இழுத்து ஒதுக்கினார். ஒதுக்கிவிட்டு அங்கேயே, இடுப்பளவு தண்ணீரில், படகைப் பிடித்தபடி நின்றார். தொட்டி அவரை உரசிக்கொண்டு போனது. படகு அவரைக் கடக்கும்போது லங்கி குழந்தையின் முகத்திலிருந்து துணியை விலக்கினாள். அவர் பார்த்தார்.

பெட்டாயாவை மறுபடி கூடத்துக்குள் உட்காரவைக்க இன்னும் வருடங்கள் ஆயின. அது வேறு கதை, அதில் லோசாவுக்குப் பங்கில்லை. அன்றைக்கு அவள், அக்கரையில் அந்தக் கறுப்புத் தொட்டியை மணலில் உருட்டி ஏற்றி நிமிர்த்துகிற வரைக்கும், தண்ணீரைவிட்டு வரவில்லை. பிறகு வந்து, குளிரில் பல் அடித்துக்கொள்ள, "அடுப்பைப் பத்தவைங்க" என்றாள்.